எட்டு மணி வண்டி கிளம்பிய நேரம்

கடிகாரம் தப்பாக ஓடினால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டலாம். அது சரியாக ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவளை எங்கே கழற்றிப் போடுவது? ரிப்பேரம்மாவுக்கு ஒரு வாரமாக இதே யோசனை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் அவள் சேர்ந்த புதிதில் யாரோ விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் அது, ஒட்டிக்கொண்டது. இப்போது கடை முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நடந்தது இதுதான். பஸ் நிலையத்திலிருந்து ஊருக்கு வெளியே இருக்கிற குடியிருப்புகளுக்குப் போகும் கடைசி வண்டி, எட்டு மணி வண்டி. அதை விட்டால் விடியும்வரை வேறு வண்டி கிடையாது. போன வாரம் ஒரு நாள், எட்டு அடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போதே அந்த வண்டி கிளம்பிப் போய்விட்டது. ஓட்டியவர் ரிப்பேரம்மாவின் வீட்டுக்காரர். மூச்சிரைக்க ஓடிவந்த கூட்டம் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு பெண், கையில் ஆஸ்பத்திரிப் பையும் தோளில் காய்ச்சல் குழந்தையுமாக. எவனோ ஒரு மகராசன், பக்கத்தில் நின்றவரின் கைக்கடிகாரத்தையும் போகிற வண்டியையும் ஒன்றாகப் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டான். மறுநாள் காலையில் வீட்டுக்காரரை வேலைக்கு வர வேண்டாம் என்று டிப்போவிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அவர் சொன்னது ஒரே பேச்சுதான். அறிவிப்பு வந்தது, கிளம்பினேன். டிப்போவில் சட்டமும் அதுவே. ஓட்டுகிற நேரத்தில் டிரைவர் ஃபோனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஒலிபெருக்கியில் வண்டியின் பெயர் வந்தால் கிளம்ப வேண்டும். வராவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் அசையக் கூடாது. அறிவிப்பைச் செய்வது மனிதர் இல்லை, டைம் கீப்பர் கேபினில் இருக்கிற கம்ப்யூட்டர். அதன் மணிக்கு எட்டு ஆனால் அது பேசும்.

அந்தக் கம்ப்யூட்டரின் மணி சரியாக இருக்கிறது என்று சம்பவத்துக்கு இரண்டே நாள் முன்னால்தான் கடையிலிருந்து சான்று போயிருந்தது. மெஷின் சரி என்றால் அறிவிப்பு முன்கூட்டியே வந்திருக்க முடியாது. அறிவிப்பு வரவில்லை என்றால் டிரைவர் சொல்வது பொய். டிப்போக்காரர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள், கணக்குச் சரியாக வந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சான்றின் அடியில் இருந்த கையெழுத்து ரிப்பேரம்மாவுடையது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அவர் நடந்ததைச் சொன்னபோது, அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"நிஜமாவே அறிவிப்பு வந்துச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நான் பொய் சொல்றேங்கறியா?"

"அப்படிச் சொல்லல. மெஷின் சரியா இருக்கு. நான்தானே பார்த்தேன். அதான் கேக்கறேன்."

"சரி," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொய்யர் என்று யாரும் சொல்லிவிட முடியாது; ஆனால் வீட்டில் சத்தம் வராமல் இருப்பதற்காக எதை வேண்டுமானாலும் சொல்கிற மனிதர். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் "ஆச்சு" என்பார்; டிபன் டப்பாவைத் திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். மாத்திரை போட்டீங்களா என்றால் அதற்கும் "ஆச்சு". முதுகு வலிக்குதா என்றால் "இல்லையே" என்று சிரிப்பார். படுத்த பிறகு விடிய விடியப் புரளுவார். இத்தனை வருஷமாக இந்த "ஆச்சு"வைக் கேட்டுக் கேட்டு, அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது அவளுக்குப் பழகிவிட்டது. கழிக்கக் கூடாத நேரத்திலும் கழித்துவிட்டாள், அதுதான் வினை.

அதன் பிறகு அவர் கோபப்படவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், தீர்ந்திருக்கும். கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். சரி. வேண்டாம். ஆச்சு. அவள் வேலைக்குக் கிளம்பும்போது யூனிஃபார்ம் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். போட்டுக்கொண்டு போக வேலை இல்லை, ஆனாலும் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்துக் காலர் ஓரம் பளபளத்துவிட்டது. 

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"ரிப்பேரம்மா, டிப்போவுல இன்னொரு தடவை மெஷினைப் பார்த்துட்டுச் சொல்லச் சொல்றாங்க. போய்ப் பாருங்க. பார்த்துட்டு 'சரியா இருக்கு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க."

"சரியா இல்லேன்னா?"

முதலாளி வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "போன வாரம் சரியா இருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க? இப்போ இல்லேன்னு எழுதினா நாளைக்கு எவன் நம்மகிட்ட மெஷின் குடுப்பான்? உங்க வீட்டுக்காரர் விஷயம் எனக்கும் வருத்தம்தான். அதுக்காகக் கடையைக் கவிழ்த்துடாதீங்க."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். ஸ்க்ரூடிரைவர்கள், மீட்டர், காசு அளவு பேட்டரிகள், மடித்து வைத்த துண்டு. பையின் கனம் புதிதில்லை, ஆனால் அன்றைக்குத் தோள்பட்டை இற்றுப்போகிற மாதிரி இருந்தது. மெஷின் சரியாக இருந்தால் புருஷன் பொய்யர். மெஷின் தப்பாக இருந்தால் அவள் வேலை தெரியாதவள். நடைபாதையில் கட்டிடத்துக்குக் கட்டிடம் விழுந்த நிழலில் நின்று நின்று போனாள். எது கிடைத்தாலும் நிம்மதி கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு போகிற இடத்துக்கு யார்தான் வேகமாகப் போவார்கள்?

அந்த மெஷினோடு அவளுக்கு நாலைந்து மாதப் பழக்கம். அதன் வியாதி ஒரே வியாதிதான்: மணி ஒரு நிலையில் நிற்காது. ஒரு நாள் முன்னால் ஓடுகிறது என்பார்கள், ஒரு நாள் சரியாக இருக்கிறது என்பார்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று மதர்போர்டில் இருப்பது. கரண்ட் இல்லாவிட்டாலும் குட்டி பேட்டரியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஓடும். இன்னொன்று உள்ளே இருக்கிற மென்பொருளின் கடிகாரம். மெஷினைப் போட்டதும் அது போர்டுக் கடிகாரத்திடம் மணி கேட்டுக்கொண்டு, பிறகு தன் பாட்டுக்கு ஓடும். இன்டர்நெட் இருந்தால் உலகத்து நேரத்தைப் பார்த்து இரண்டும் ஒழுங்காகிவிடும். அந்தக் கேபினுக்கு ஒரு வயரை இழுத்து விட அங்கே எவருக்கும் நேரம் இல்லை.

போன தடவை மெஷினைக் கடைக்கே தூக்கி வந்து மேசையில் வைத்துப் பார்த்தாள். முதல் நாள் காலையில் போட்டபோது மணி முன்னால் இருந்தது. திருத்தினாள், பேட்டரியையும் மாற்றினாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும், இரவெல்லாம் அணைத்து வைத்துக் காலையில் போட்டாலும், ஒரு நொடி பிசகவில்லை. கடை மேசையில் அது உத்தமன். பேட்டரிதான் கோளாறு என்று முடிவு கட்டி, நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

டைம் கீப்பர் கேபின் நடைமேடைகளுக்கு நடுவில், மூன்று பக்கம் கண்ணாடியோடு இருந்தது. காலையில் ஒருவர், பிற்பகலிலிருந்து ஒருவர். காலை ஆளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் கிளம்பு சார். விசிலை வாயிலிருந்து எடுத்தால் "கிளம்பு, கிளம்பு" என்பார். வேறு வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. பிற்பகல் ஆள் ஒரு பெண். பொறு அக்கா. ஓடிவருகிறவர்களைப் பார்த்துவிட்டால் டிரைவரிடம் கையைக் காட்டிப் "பொறு, பொறு" என்பாள். சின்னக் கேபினுக்குள் இரண்டு ஆட்சி நடந்தது. அவர் நாற்காலி மெத்தையை எடுத்துப் பீரோவுக்கு மேல் போடுவார். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம். அவள் வந்ததும் அதை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொள்வாள். அவர் ஜன்னலை மூடுவார், அவள் திறப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல், முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு, இப்படியே வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தி வந்தார்கள்.

ரிப்பேரம்மா போனபோது பொறு அக்கா மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"வாங்கம்மா. முகமெல்லாம் வாடிப் போயிருக்கே. தண்ணி குடிங்க முதல்ல."

"வேலையை முடிச்சுடறேன்க்கா."

திரையின் மூலையில் மணி. ஃபோனை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். நொடி மாறாமல் இரண்டும் ஒன்றாக ஓடின.  ஒரு ரிப்பேர்காரிக்கு இது சந்தோஷமான செய்தி. அவளுக்கோ, வாசலில் செருப்போடு நின்ற மனிதரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆக, பொய்தான் சொல்லியிருக்கிறார். முதுகு வலிக்கவில்லை என்கிற மாதிரி, சாப்பிட்டாயிற்று என்கிற மாதிரி, அறிவிப்பு வந்ததென்றும் சொல்லிவிட்டார்.

அப்படியே 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். முதலாளி சொன்னதும் அதுதான். ஆனால் வேலைப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மூடியைக் கழற்றிப் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். புத்தம் புதுசாக இருந்தது. கடைசியாக, போர்டுக் கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று மெஷினை அணைத்துப் போட்டு, ஆரம்பத் திரையிலேயே நிறுத்தினாள். அங்கேயும் மணி அச்சாகச் சரி. போதும் என்று மெஷினை மேலே போக விட்டாள். மென்பொருள் சாவகாசமாக எழுந்தது. வண்டிப் பட்டியல் வந்தது. மூலையில் மணி வந்தது.

மணி நாலைந்து நிமிடம் முன்னால் இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஃபோனைப் பார்த்தாள். மறுபடி அணைத்தாள், ஆரம்பத் திரையில் நிறுத்தினாள். இப்போது அங்கேயும் முன்னால். அதாவது, போர்டுக் கடிகாரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எழுந்து வந்த மென்பொருள் அதைக் கேட்டுக்கொண்டு, நாலைந்து நிமிடம் தானாகச் சேர்த்துவிட்டு, போர்டையும் தன் வழிக்குத் திருப்பிவிட்டது. நாலைந்து மாதமாக அவள் யாரைச் சந்தேகப்பட்டு யாருக்குப் பேட்டரி மாற்றினாளோ, அது ஒரு பாவமும் செய்யவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் பொறு அக்கா.

அவள் பதில் சொல்லாமல் மென்பொருளின் உள் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நேரத் திருத்தம் என்று ஒரு வசதி இருந்தது. இதை எழுதியவன் புத்திசாலிதான். போர்டுக் கடிகாரம் எல்லாம் கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ ஓடும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். இரவெல்லாம் அணைந்து கிடந்த மெஷினைக் காலையில் போட்டதும் யாராவது மணியைத் திருத்தினால், அது கவனித்துக்கொள்ளும். ஓகோ, நம் போர்டு இவ்வளவு பின்தங்குகிறது போலிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து, எப்போது எழுந்தாலும், அந்தக் கணக்குப்படி தானாகவே சேர்த்துக்கொள்ளும். திருத்துகிறவன் உண்மையான மணியைத்தான் வைப்பான் என்று நம்பி எழுதப்பட்ட ஏற்பாடு.

"அக்கா, இந்த மெஷின்ல மணியை யாராவது மாத்துவீங்களா?"

"மாத்தாம? தினமும் நான்தானே மாத்தறேன்."

ரிப்பேரம்மா திரும்பினாள். "தினமுமா? எதுக்கு?"

"காலைல அவர் அஞ்சு நிமிஷம் முன்னாடி வெச்சிருப்பார்ம்மா. அப்போதான் டிரைவருங்க டீக்கடையை விட்டு எழுந்திருப்பாங்களாம். நான் வந்து என் ஃபோனைப் பார்த்துச் சரியா வெச்சுடுவேன். ஓடி வர்ற ஜனங்க பாவம் இல்லையா? இது இன்னைக்கு நேத்தா நடக்குது. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதேக்கா. இத்தனை தடவை வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க மெஷினைப் பார்க்கத்தானே வந்தீங்க? எங்களை ஒண்ணும் கேக்கலையே," என்றாள் பொறு அக்கா. குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

ரிப்பேரம்மா கிளம்பு சாருக்கு ஃபோன் போட்டாள். எடுத்தவுடனே அவர் குரல் கேபின் முழுக்கக் கேட்டது.

"ஆமாம்மா, நான்தான் வெப்பேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி வெச்சாத்தான் கரெக்டா கிளம்புவானுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், நீங்க நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. திரும்பி வந்த அன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் கை வெச்சேன். அதுக்கப்புறம் காலைல போட்டா மெஷினே தானா அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்து நிக்குது. நான் தொடறதே இல்ல. கடைசியா என் வழிக்கு வந்துடுச்சு பாருங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை. கடை மேசையில் அவள் உண்மையான மணியை வைத்தாள். மெஷின் உண்மையைக் கற்றுக்கொண்டது. இங்கே வந்த முதல் காலையிலேயே கிளம்பு சார் தன் மணியை வைத்தார், அதையும் கற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு பேரும் ஒன்றுதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஐந்து நிமிடத்தைத் தானே சேர்த்துக்கொண்டு எழுந்தது. பிற்பகலில் அக்கா வந்து அதைக் கழித்தாள். நடுவில் ஒரு தடவை அணைந்து எழாதவரை யாருக்கும் தொந்தரவு இல்லை.

"அக்கா, அந்த எட்டு மணி வண்டி போன அன்னைக்கு, சாயங்காலம் கரண்ட் போச்சா?"

பொறு அக்கா யோசித்தாள். "போச்சே. ஏழு மணிக்கு மேல போய்க் கொஞ்ச நேரத்துல வந்துடுச்சு. மெஷினும் தானா எழுந்துடுச்சு."

"அப்போ மணியைப் பார்த்தீங்களா?"

"மத்தியானமே சரி பண்ணிட்டேனே, மறுபடி எதுக்குப் பார்க்கப் போறேன்? நான் அந்தக் கடைசி மேடையில ஜனங்களை வரிசைப்படுத்திக்கிட்டு இருந்தேன். எட்டு மணி வண்டி அறிவிப்பு வந்துச்சு, வண்டி கிளம்பிடுச்சு. நேரத்துக்குத்தான் போகுதுன்னு நினைச்சேன். ஜனங்க கத்தினப்பகூட அவங்க ஃபோன்லதான் தப்புன்னு நினைச்சேன்."

ரிப்பேரம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அறிவிப்பு வந்துச்சா? நீங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேனே. அப்புறம்தான் வண்டி நகர்ந்துச்சு. டிப்போவுல யாரும் என்னைக் கேக்கலையே. அந்த மனுஷன் அறிவிப்பு வராம கிளம்பி நான் பார்த்ததே இல்ல." அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, அவர் உங்களுக்கு வேணுங்கறவரா?"

"வீட்டுக்காரர்."

பொறு அக்கா எழுந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் வைத்தாள்.

ரிப்பேரம்மா குடித்தாள். சாட்சி இங்கேயே இருந்திருக்கிறது, மெத்தை போட்ட நாற்காலியில். ஒரு நடை வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் யாரையும் கேட்கவில்லை. தன் கையெழுத்தை நம்பினாள், கட்டினவரை மட்டும் நிற்க வைத்துக் கேட்டாள். இதை நினைத்தபோது முகம் சூடாகிவிட்டது. வெட்கம்தான். கேபினுக்கு வெளியே வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன.

"நாளைக்கு விசாரணையில என் பேரைச் சொல்லித்தான் ஆகணுமாம்மா?" என்று பொறு அக்கா மெதுவாகக் கேட்டாள். "நான் நிரந்தர வேலைக்காரி இல்ல. போன்னா போக வேண்டியதுதான்."

"மெஷின்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லப் போறேன்க்கா. நான் சரியாப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னும் சொல்லப் போறேன். மணியை யார் மாத்தினதுன்னு கேட்டா..." அவளுக்கு, இவளைக் காட்டிக்கொடுத்துத்தான் அவரை மீட்க வேண்டுமா என்று இருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கேட்டா சொல்லிடுங்க," என்றாள். "வண்டியை விட்டுட்டு நின்ன அந்தப் பொண்ணை நான்தான் ஒரு காருக்காரர்கிட்ட கெஞ்சி ஏத்தி அனுப்பினேன். குழந்தை உடம்பு அனலாக் கொதிச்சுது. உங்க வீட்டுக்காரர்தான் பாவி மாதிரி பண்ணிட்டார்னு ஒரு வாரமா நானும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன், நாலு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதான்னு. நானும் வர்றேன். அறிவிப்பைக் கேட்டேன்னு சொல்றேன். கிளம்பு சாரும் வந்து தன் பெருமையைத் தானே சொல்லட்டும்."

ரிப்பேரம்மா அந்தத் திருத்த வசதியை அணைத்தாள். அது கற்றுவைத்திருந்த எண்ணை அழித்தாள். மணியைச் சரியாக வைத்தாள். மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், மணி பிசகவில்லை. முதலாளிக்கு ஃபோன் செய்து, 'சரி' என்று எழுதவில்லை, நாளைக்கு நேரிலேயே சொல்லப் போகிறேன் என்றாள். அவர் "உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் கோபத்தில் பேசினாரா, கைகழுவி விட்டாரா என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் போகிற நேரம். அவர் கூடத்தில் துண்டை விரித்து யூனிஃபார்ம் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டுமே. அவள் பையை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றாமல், அவர் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"அறிவிப்பு வந்திருக்கு," என்றாள். "மெஷின்தான் முன்னாடி ஓடியிருக்கு. நீங்க சொன்னது நிஜம்."

"தெரியும்," என்றார் அவர். தேய்ப்புப் பெட்டி சட்டையின் கைப்பக்கம் நகர்ந்தது. "எனக்கு அன்னைக்கே தெரியும்."

"நாளைக்கு நான் வந்து சொல்றேன். என்மேலதான் தப்புன்னு சொல்றேன்."

"உன் வேலை?"

"பார்த்துக்கலாம்."

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். முதுகுப் பக்கம். அதையும் ஒரு தடவை தேய்த்தார். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு மெஷின் சரியா இருந்திருந்தா, வந்து என்ன சொல்லியிருப்பே?"

அவளுக்கு ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. உங்களைத்தான் நம்பியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டில் அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும், அவரும் "சரி" என்று சொல்லிவிடுவார். கேபினில் ஃபோனும் திரையும் ஒன்றாக ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பொய்யை ஜோடித்துச் சொல்கிற அளவுக்கு உடம்பிலும் மனசிலும் எதுவும் மிச்சமில்லை.

"மெஷினைத்தான் நம்பியிருப்பேன்," என்றாள். "கொஞ்ச நேரம் நம்பவும் செஞ்சேன். நீங்க பொய் சொல்லிட்டீங்கன்னே நினைச்சேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். வார் சிக்கிக்கொண்டது. கண்ணில் நீர் கட்டியிருந்ததால் வாரும் தெரியவில்லை, கொக்கியும் தெரியவில்லை. அவர் எழுந்து வருகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அவள் காலிலிருந்த வாரைக் கழற்றி விட்டார். 

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரங்களைத் திறந்து பார்க்காமலேயே, இத்தனை வருஷமாகக் கேட்கிற கேள்வியைப் பழக்கத்தில் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

கூடத்தில் அவர் சட்டையை மடித்து வைத்தார்.

"இல்ல," என்றார் அவர். "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. முதுகும் வலிக்குது."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.